கேரவன் டிவியில் படம் வரவில்லையா? டிஷ்ஷைத் திருப்பும் முன் இதைப் பாருங்கள்

வண்டியை நிறுத்தியாகிவிட்டது. முக்காலியை விரித்து, டிஷ்ஷை மாட்டி, கேபிளைச் சொருகி, டிவியைப் போட்டால் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வெளியே ஓடி டிஷ்ஷைத் திருப்புவது. ஒருவர் திருப்ப, உள்ளே இருப்பவர் ‘வந்துச்சு… போச்சு’ என்று கத்த, அரை மணி நேரம் கரைந்துவிடும். டிஷ் சரியாகவே நின்றிருந்து கோளாறு கேபிளில் இருந்திருந்தால், இருந்த கோளாறு ஒன்று, இப்போது இரண்டு.

வீட்டில் ஒருமுறை பொருத்திய டிஷ் வருடக்கணக்கில் அசையாது. அங்கே படம் போனால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். வண்டியில் கதை வேறு. இடம், தரையின் சாய்வு, மின்சாரம், கேபிள் இணைப்பு எல்லாமே ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிது. பொருள் கெடுவது அபூர்வம், எங்கோ ஒன்று பிசகியிருப்பதுதான் வழக்கம். எந்தப் பக்கம் பிசகியது என்பதை ரிசீவரே, அதாவது செட்-டாப் பாக்ஸே, திரையில் சொல்கிறது. அதைப் படிக்காமல் வெளியே போகக் கூடாது.

முதலில் இரண்டு பட்டைகள்

ரிசீவர் மெனுவில் ‘டிஷ் செட்டிங்’ அல்லது ‘சிக்னல்’ என்றிருக்கும் பக்கத்தைத் திறங்கள். வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமை என்பது கேபிள் வழியே ஏதோ ஒன்று வந்து சேர்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்என்பி (டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டி) தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்பும். அதற்கே சில ரிசீவர்களில் வலிமைப் பட்டை பாதிக்கு மேல் ஏறி நம்மைச் சந்தோஷப்படுத்தும். தரப் பட்டை அப்படி ஏமாறாது. கேட்ட அலைவரிசையில் தரவு வந்து, ரிசீவர் அதைக் கெட்டியாகப் பிடித்தால்தான் அது அசையும்.

அந்தப் பக்கத்தில் எந்த டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு தொகுப்புச் சேனல்களை அனுப்பும் கருவி) தேர்வாகியிருக்கிறது என்பதையும் ஒரு கண் பாருங்கள். ஒளிபரப்பை நிறுத்திவிட்ட பழைய டிரான்ஸ்பாண்டரை வைத்துக்கொண்டு தேடினால், டிஷ் சரியான செயற்கைக்கோளைப் பார்த்தபடி இருந்தாலும் தரம் பூஜ்யத்திலேயே கிடக்கும். கடைசியாக எந்தச் சேனல் நன்றாக வந்ததோ, அதன் டிரான்ஸ்பாண்டரை வையுங்கள்.

இரண்டு பட்டையும் பூஜ்யம்

இது திசைக் கோளாறு அல்ல. டிஷ்ஷை அப்படியே விட்டுவிடுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அது அனுப்புவது வந்து சேரவில்லை.

எல்என்பிக்கென்று தனி மின் வயர் கிடையாது. ரிசீவர்தான் கோஆக்ஸ் கேபிள் வழியே 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்புகிறது. எல்என்பி அதில் ஓடி, வானத்திலிருந்து 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் சிக்னலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி, அதே கேபிளில் கீழே அனுப்புகிறது. ஆகவே நடுவில் எந்தச் சாமான் மின்சாரத்தைத் தடுத்தாலும் இரண்டு பட்டையும் படுத்துவிடும்.

இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே வைத்தியம் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு நல்ல ஆர்ஜி-6 வகைக் கோஆக்ஸ் கேபிள். இரு முனையிலும் திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போட்டு, சுருட்டி, வேறு எதற்கும் தொடாமல் தனியாக வைத்திருக்கிறேன். ரிசீவரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் கேபிளைக் கழற்றி, இந்தக் கேபிளை ஜன்னல் வழியாக வெளியே விட்டு நேராக எல்என்பியில் மாட்டுங்கள். இப்போது வலிமை ஏறினால் எல்என்பியும் ரிசீவரும் நலம். குற்றவாளி வண்டியின் சுவருக்குள் ஓடும் கேபிள், அல்லது வெளியே டிஷ் வரை போகும் பழைய கேபிளும் அதன் இணைப்பும்.

அந்தச் சுவருக்குள் என்னதான் நடக்கும்? பெரும்பாலான வண்டிகளில் கூரை ஆன்டெனாவுக்கு ஒரு பூஸ்டர் தகடு உண்டு. பட்டனும் சின்ன விளக்குமாக டிவிக்குப் பின்னால் இருக்கும். அதன் வழியாகப் போகும் கேபிளில் டிஷ்ஷை இணைத்தால் ஒன்றும் வராது. 13, 18 வோல்ட்டையும் அது மேலே விடாது, டிஷ்ஷின் அலைவரிசையையும் கீழே விடாது. சாதாரண ஸ்ப்ளிட்டரும் அப்படியே. ஒரு டிஷ்ஷிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரிக்க ஆன்டெனா ஸ்ப்ளிட்டரைப் போட்டிருந்தால், அதைக் கழற்றி எறிவதே முதல் வேலை.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். வண்டியின் வெளிப்புறப் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு மூன்று சாக்கெட்டுகள் இருக்கும்: ஒன்று கேபிள் டிவிக்கு, ஒன்று டிஷ்ஷுக்கு. எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கேபிள் பக்கத்துச் சாக்கெட்டில் இருந்தது தெரிந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகச் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் போட்டேன். இன்றுவரை அழியவில்லை.

நேர் கேபிளிலும் பூஜ்யமா? கனெக்டரைக் கழற்றிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி நேராக, பளபளவென்று, கனெக்டரின் வாய் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் தொடாது. வளைந்திருந்தால் சாக்கெட்டுக்குள் போகாமல் மடங்கிக்கொள்ளும். வெளிப் பின்னலிலிருந்து தலைமுடி அளவு ஒரு கம்பி பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும். ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தி, ‘எல்என்பி ஷார்ட்’ என்ற மாதிரி ஒரு செய்தி காட்டும். நடுக்கம்பி பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த முனையில் ஒரு சாண் வெட்டி, புதிய கனெக்டர் போடுங்கள். வெட்டிய இடத்திலும் பின்னல் கறுப்பாக இருந்தால் கேபிளையே மாற்றிவிடுவது நல்லது. இணைக்கும்போதும் கழற்றும்போதும் ரிசீவர் அணைந்திருக்கட்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரிசீவரைப் போட்டு, எல்என்பி பக்க முனையில் நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 13 அல்லது 18-ஐ ஒட்டி வந்தால் மின்சாரம் போகிறது, எல்என்பிதான் சந்தேகத்துக்குரியது. ரிசீவரின் பின்புறத்திலேயே வோல்ட் இல்லையென்றால் மெனுவில் ‘எல்என்பி பவர்’ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ரிசீவரின் அந்தப் பகுதி போய்விட்டது.

வலிமை இருக்கிறது, தரம் பூஜ்யம்

இப்போது வெளியே போகலாம். டிஷ் வேறெங்கோ பார்க்கிறது, அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். ஒளிபரப்புச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே 1 டிகிரி என்பது 600 கி.மீ.க்கும் மேல். 60 செ.மீ. டிஷ் ஒன்று பார்க்கும் வானத்தின் அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. அந்த டிஷ்ஷின் விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் 1 டிகிரி திரும்பிவிடும். அதாவது ஒரு விரல் அகலம் தள்ளினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். கையால் பிடித்து ‘கொஞ்சம்’ திருப்புகிறோமே, அந்தக் கொஞ்சம் பெரும்பாலும் 5, 6 டிகிரி.

நேற்றைய இடத்தில் வைத்த உயரக் கோணம் இன்று உதவாது என்பதும் இதனால்தான். செயற்கைக்கோள் இருக்கும் அதே தீர்க்கரேகையில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டால், 10 டிகிரி அட்சரேகையில் அது தரையிலிருந்து 78 டிகிரி உயரத்தில் இருக்கும், கிட்டத்தட்ட தலைக்கு மேலே. 40 டிகிரி அட்சரேகையில் 44. 60-இல் வெறும் 22. வடக்கே தெற்கே 400 கி.மீ. ஓட்டினால் கோணம் 4 டிகிரி மாறும். அது டிஷ்ஷின் பார்வைக்கு முற்றிலும் வெளியே.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் முக்காலியின் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தைக் கம்பத்தில் ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, 90 டிகிரி சுற்றி மறுபக்கமும் பாருங்கள். இதை அலட்சியம் செய்பவர்கள்தான் மணிக்கணக்கில் நிற்பார்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் உள்ள உயர அளவுகோல் பொய் சொல்லும். அதைவிட, டிஷ்ஷை இடவலமாகத் திருப்பத் திருப்ப உயரமும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும், பிடிபடவே செய்யாது. ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தால் தீரும் பிரச்சினை இது.

அடுத்து உயரக் கோணம். உங்கள் இடத்துக்கான எண்ணை ரிசீவரின் மெனுவிலிருந்தோ மொபைல் செயலியிலிருந்தோ எடுத்து, அளவுகோலில் வைத்து இறுக்கிவிடுங்கள். டிஷ் எங்கே பார்க்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். முக்காலியில் வைக்கும் டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. அவை நிமிர்ந்து நின்று தொடுவானத்தைப் பார்ப்பது போலத் தெரியும்போதே, உண்மையில் 20, 25 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு திசை. காம்பஸை வண்டிக்கருகே வைத்துப் பார்க்காதீர்கள். வண்டியின் இரும்பு அதைத் திருப்பிவிடும், மொபைல் காம்பஸும் விதிவிலக்கல்ல. பத்தடி தள்ளிப் போங்கள். காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல, சில பகுதிகளில் 10 டிகிரிக்கும் மேல் வித்தியாசம் உண்டு. செயலி எந்த வடக்கைக் கணக்கில் எடுக்கிறது என்று அதன் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திருப்புவது. உயரத்தைத் தொடாமல், கணக்கிட்ட திசைக்கு 15 டிகிரி முன்னாலிருந்து தொடங்கி, விளிம்பில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நகர்த்தி, கையை எடுத்து, நான்கு விநாடி நில்லுங்கள். ரிசீவர் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும். தொடர்ந்து சுற்றிக்கொண்டே போனால், சரியான இடத்தைத் தாண்டிப் போனது உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஒரு சுற்று முழுக்கப் போயும் கிடைக்காவிட்டால் உயரத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி. தரம் ஏறியதும், இரு பக்கமும் எங்கே விழுகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்துங்கள். போல்ட்டை இறுக்கும்போது ஒரு கண் பட்டையில் இருக்கட்டும். இறுக்குகிற முறுக்கிலேயே டிஷ் நகர்ந்துவிடும்.

எதிரே மரம் இருந்தால் எந்தத் துல்லியமும் உதவாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக எண்ணி, செயற்கைக்கோள் இருக்க வேண்டிய உயரத்தில் இலை தெரிகிறதா என்று பாருங்கள். 30 டிகிரி உயரத்துக்கு, 10 மீட்டர் மரத்திலிருந்து டிஷ் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முக்காலி டிஷ்ஷின் பெரிய சௌகரியமே இதுதான்: வண்டி நிழலில் நிற்கலாம், டிஷ் வெயிலுக்குப் போகலாம்.

தரம் நன்றாக ஏறியும் உங்கள் சேனல்கள் வரவில்லையென்றால், பிடித்திருப்பது பக்கத்துச் செயற்கைக்கோள். ஒரே அலைவரிசையை இரண்டும் பயன்படுத்துவது உண்டு. ஒரு ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள், பட்டியலில் வரும் சேனல் பெயர்களே காட்டிக்கொடுத்துவிடும்.

பாதிச் சேனல் வருகிறது, பாதி வரவில்லை

வராத சேனல்களை எழுதி, ஒவ்வொன்றின் டிரான்ஸ்பாண்டர் விவரத்தைப் பாருங்கள். அதில் ஒரு ஒழுங்கு தெரியும். எல்லாமே கிடைமட்டத் துருவம் (சிக்னல் அலை படுக்கைவாக்கில் அதிரும் வகை) என்றால், அதற்கு வேண்டிய 18 வோல்ட் எல்என்பி வரை போய்ச் சேரவில்லை. கேபிள் நீளம், துருப்பிடித்த இணைப்பு, பலவீனமான அடாப்டர் எதுவும் காரணமாகலாம். செங்குத்துத் துருவம் 13 வோல்ட்டில் தப்பித்துவிடும். வராதவை எல்லாமே 11.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் என்றால், யுனிவர்சல் எல்என்பிக்குப் போக வேண்டிய 22 கிலோஹெர்ட்ஸ் டோன் (மேல் அலைவரிசைகளுக்கு மாறச் சொல்லும் சைகை) மெனுவில் அணைந்திருக்கிறது, அல்லது நடுவில் உள்ள சுவிட்ச் அதை விழுங்குகிறது.

கிழக்கு மேற்காக வெகுதூரம் வந்திருந்தால் எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே சற்றுச் சுழற்ற வேண்டியிருக்கும். வட்டத் துருவ ஒளிபரப்பு என்றால் இந்த வேலை இல்லை. ஒன்றிரண்டு சேனல் மட்டும் உடைந்தால் ரிசீவரை ஒட்டி வைத்திருக்கும் மொபைல் ரௌட்டரைத் தள்ளி வைத்துப் பாருங்கள். மொபைல் அலைவரிசைகள் சிலவும் கேபிளில் ஓடும் அலைவரிசையும் ஒரே எல்லைக்குள் வருகின்றன. தளர்ந்த கனெக்டர் வழியே ஒன்றில் ஒன்று புகுந்துவிடும். உள்ளூர்ச் சேனல்கள் மட்டும் காணவில்லையென்றால், அவை குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் குவித்து அனுப்பப்படுபவையாக இருக்கலாம். அந்த வட்டாரத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், டிஷ்ஷை என்ன செய்தாலும் வராது.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது

எப்போது உடைகிறது என்று கவனியுங்கள். காற்றடிக்கும்போது உடைந்தால், இலை ஆடி மறைக்கிறது அல்லது முக்காலி ஆடுகிறது. முக்காலியின் நடுவில் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தொங்கவிடுங்கள். யாராவது வண்டிக்குள் நடக்கும்போது உடைந்தால் டிஷ் கூரையில் இருக்கிறது, வண்டி ஸ்பிரிங்கில் ஆடுகிறது. ஜாக்கை இறக்கி வண்டியை நிலைப்படுத்தாமல் கூரை டிஷ்ஷைச் சரிசெய்வது வீண் வேலை. மழையில் உடைந்தால் காத்திருங்கள், திருப்பாதீர்கள். உங்கள் தலைமேல் தூறல்கூட இல்லாதபோதும், டிஷ் பார்க்கும் பக்கத்தில் கனத்த மேகம் இருந்தால் போதும். மழை விட்டும் வரவில்லையென்றால் எல்என்பியின் முகமூடியைத் துடையுங்கள், அந்த பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தினமும் பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், சில நிமிடங்கள் மட்டும் போய் வருகிறதா? சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. வட அரைக்கோளத்தில் மார்ச் சம இரவு நாளுக்குச் சற்று முன்பும், செப்டம்பர் சம இரவு நாளுக்குச் சற்றுப் பின்பும் சில நாட்கள் இப்படி இருக்கும், தெற்கில் இது மாறி வரும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

ரிசீவர் தானாக அணைந்து ஏறுகிறது

தண்ணீர் மோட்டாரோ ஃப்ரிட்ஜோ ஓடத் தொடங்கும் அந்த நொடியில் இது நடந்தால், பேட்டரி வோல்டேஜ் குப்பென்று இறங்குகிறது. மெல்லிய வயரில் மற்றவற்றோடு சேர்த்து ரிசீவரை இணைத்திருந்தால், பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். ‘12 வோல்ட் ரிசீவர்தானே’ என்று நேரடியாகப் பேட்டரியில் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அந்த 12 வோல்ட் 14.4 வரை போகும். நடுவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருப்பது ரிசீவருக்கு ஆயுள். இன்வெர்ட்டரில் ஓட்டினால், அடாப்டர் சூடாகி ரீங்காரமிடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மலிவான இன்வெர்ட்டரின் கட்டம் கட்டமான மின்சார அலை சில அடாப்டர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்த ரிசீவர் சூட்டிலேயே அணைவதும் உண்டு.

தரம் முழுதாக இருக்கிறது, ஆனால் படம் இல்லை

டிஷ் வேலையை முடித்துவிட்டது. ‘சந்தா இல்லை’ என்று வந்தால், ரிசீவர் மாதக்கணக்கில் அணைந்து கிடந்ததா என்று யோசியுங்கள். அனுமதிச் செய்தியும் செயற்கைக்கோள் வழியாகத்தான் வருகிறது. ஒரு சந்தாச் சேனலில் வைத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், வராவிட்டால் நிறுவனத்தை அழைத்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பயணக் குலுக்கலில் ரிசீவருக்குள் செருகிய சந்தா கார்டு நகர்ந்திருக்கும், எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். திரை முழுக்கக் கறுப்பென்றால் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி, டிவியை முதலில் போட்டு, பிறகு ரிசீவரைப் போடுங்கள்.

கூரைக் குமிழ் தேடிக்கொண்டே இருக்கிறது

தானாகத் தேடும் குமிழ் ஆன்டெனா உள்ளவர்களுக்குத் திருப்பும் வேலை இல்லை, ஆனால் இரண்டு விஷயத்தில் அது பாவம். ஒன்று, வண்டி மிகவும் சாய்ந்து நின்றால் அதன் கணக்கு தப்பும். மற்றது, பக்கத்திலேயே இருக்கும் கூரை ஏசி. செயற்கைக்கோள் தாழ்வாக இருக்கும் இடங்களில் ஏசியின் முதுகே சுவராக நின்றுவிடும். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ரிசீவர் அணைந்திருந்தால் பல குமிழ்கள் தேடவே தொடங்காது.

எல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால்

மிஞ்சுவது இரண்டே: எல்என்பி, ரிசீவர். எல்என்பி சின்னச் சாமான், அதே வகையில் ஒன்றை உபரியாக வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிப் பார்க்கலாம். மாற்றும்போது பழையது எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வையுங்கள். அதிலும் வரவில்லையா, ரிசீவரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருடையதும் அதே சேவை, அதே வகை எல்என்பி என்றால், அவர் கேபிளை உங்கள் ரிசீவரில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்தால் போதும். அங்கே படம் வந்தால் திரும்ப வந்து உங்கள் டிஷ்ஷின் கம்பத்தில் மறுபடி ரசமட்டம் வையுங்கள். அங்கேயும் வராவிட்டால், முக்காலியை மடித்துவிடலாம்.